பூட்டிக்கொள்ளாத சக்கரமும் ஓட்டுபவரின் பொறுப்பும்

மனிதர் தம் முயற்சியால் தம்மை அடக்கிக்கொள்வதற்கும், அவருக்குப் புறம்பான ஒன்று அவரை அடக்கிவைப்பதற்கும் அறத்தின் நோக்கில் வேறுபாடு உண்டா என்னும் வினா இந்தியச் சமயங்களுக்குப் புதியதன்று. எனினும் அவ்வினாவை இன்று சாலையில் ஓடும் ஓர் இயந்திரம் மிகக் கூர்மையாக எழுப்புகிறது. தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண்பாதையிலும் ஒருசேர ஓடுவதற்கென்று, பெரிய முன்சக்கரமும் நெடுந்தூரம் அமிழ்ந்தெழும் சஸ்பென்ஷனும் கொண்டு உருவாக்கப்படும் ‘அட்வெஞ்சர்’ வகை மோட்டார் சைக்கிளே அந்த இயந்திரம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பின்சக்கரம் பிடிமானமின்றி வீணே சுழலாமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகிய இரண்டு அமைப்புகளும் இவ்வகை வண்டிகளில் இடம்பெறுகின்றன. இரண்டும் ஓட்டுபவரின் கை இட்ட கட்டளையை இடைமறித்துத் திருத்துகின்றன. அவ்வாறு திருத்தப்பட்ட செயல் யாருடையது என்பதும், அத்திருத்தத்தை வேண்டாமென்று அணைத்துவைக்கும் உரிமை யாருக்கு எவ்விடத்தில் உண்டு என்பதும் இக்கட்டுரை ஆராயும் பொருள்.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஐதராபாத்தின் தென்கிழக்கிலுள்ள காஞ்சன்பாக் பொருத்தமான இடம். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம், பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், பாரத் டைனமிக்ஸின் தொழிற்கூடம், 1973இல் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகம் (மிதானி) என்னும் சிறப்பு உலோக ஆலை ஆகியவை அடுத்தடுத்து அமைந்த பகுதி அது. அர்ஜுன் டாங்கிக்கு உருவாக்கப்பட்ட காஞ்சன் கவசத்துக்கு இப்பகுதியின் பெயரே சூட்டப்பட்டது. ராமேஸ்வரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1982இல் இங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை வளர்ச்சித் திட்டத்தின் முதற்பெரும் பயனாகப் பிருத்வி 1988 பிப்ரவரியில் விண்ணில் பாய்ந்தது. அவ்வேவுகணையை வழிநடத்தும் நெறிக்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். கருவி ஒன்று இருக்கும் நிலையை அளக்கிறது. கணிப்பொறி அதை இருக்கவேண்டிய நிலையோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள பிழையைக் குறைக்குமாறு இயக்குபொறிக்கு ஆணை செல்கிறது. நொடிப்பொழுதுக்குள் இச்சுற்று மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இதே நெறியில் இயங்குபவை. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அறிந்து வளைவிலும் பிரேக்கின் அழுத்தத்தைத் திருத்துகின்ற மேம்பட்ட அமைப்புகளில், ஏவுகணைக்குத் திசையும் சாய்வும் சொல்லும் நிலைம உணரிகளின் எளிய உறவினம் ஒன்று மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கடியிலோ பெட்ரோல் டேங்குக்கடியிலோ அமர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே அறத்தின் நோக்கில் ஒரு பெரும் பிளவு உண்டு. ஏவுகணையில் ஏறிச்செல்பவர் எவரும் இல்லை. அதன் செயலுக்கான பொறுப்பு ஏவியவரிடம் முழுமையாக நின்றுவிடுகிறது. மோட்டார் சைக்கிளிலோ இருக்கை காலியாக இல்லை. கட்டளையிடுபவரும் அக்கட்டளையின் விளைவை உடலால் அனுபவிப்பவரும் அதில் ஒருவரே.

அமைப்பின் செயல்முறையைச் சற்று விரிவாக அறியாமல் வினாவுக்குள் நுழைய இயலாது. ஒவ்வொரு சக்கரத்தோடும் பற்களோ துளைகளோ கொண்ட ஒரு வளையம் சுழல்கிறது. அதனருகிலுள்ள உணரி அவற்றை எண்ணிச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்கிறது. பிரேக் பிடித்தபின் ஒரு சக்கரத்தின் வேகம் வண்டியின் வேகத்தோடு பொருந்தாத விரைவில் சரிந்தால், அது பூட்டிக்கொள்ளும் தறுவாயில் உள்ளதென்று கணிப்பொறி முடிவுசெய்து, வால்வு ஒன்றைத் திறந்து பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கியதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. இவ்வாறு நொடிக்குப் பல முறை நிகழும் தளர்ச்சியும் இறுக்கமும் ஓட்டுபவரின் விரலில் ஒரு துடிப்பாக உணரப்படும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இதன் மறுபக்கம்: முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் அளவுக்கு மீறி விரைந்து சுழன்றால் எஞ்சினின் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. இவற்றின் அடியிலுள்ள இயற்பியல் உண்மை ஒன்று மெய்யியல் நாட்டமுடையோரின் கவனத்துக்குரியது. டயருக்கும் சாலைக்கும் இடையே சறுக்கலே இல்லாத நிலையில் பிரேக்கின் விசை மிகக் குறைவு. சக்கரம் முழுதும் சறுக்கும் நிலையிலும் பிடிமானம் உச்சத்திலிருந்து இறங்கிவிடுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு சறுக்கலில்தான் பிடிமானம் உச்சத்தை எட்டுகிறது. தளர்ந்த நரம்பும் முறுகிய நரம்பும் இசை தாராது என்று யாழைக் காட்டிப் புத்தர் சோணருக்கு உரைத்ததாகப் பாலி மரபு கூறும் நடுநெறி இங்கே அளந்தறியக்கூடிய ஓர் எண்ணாகவே நிற்கிறது. ஐதராபாத்தின் மோட்டார் சைக்கிள் குழுவினர் விடுமுறை நாளில் விரும்பிச் செல்லும் நாகார்ஜுனசாகரின் நீருக்கடியில், இக்ஷ்வாகு அரசர் காலத்துப் பௌத்த விகாரைகள் நின்ற பள்ளத்தாக்கு கிடக்கிறது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இக்கருவியின் வரலாற்றில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு தவறிய வாய்ப்பு உண்டு. விமானங்களின் சக்கரம் ஓடுபாதையில் பூட்டிக்கொள்ளாதிருக்க டன்லப் நிறுவனம் செய்த மாக்ஸரெட் என்னும் அமைப்பை, பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் 1958இல் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் மோட்டார் சைக்கிள் ஒன்றில் பொருத்திச் சோதித்தது. வழுக்கும் தரையில் நிற்கும் தொலைவு கணிசமாகக் குறைந்ததென்று தெரிந்தும், நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமை அதற்கு எதிர்காலம் இருப்பதாகக் கருதாமையால் அது உற்பத்திக்கு வரவில்லை. அந்நிறுவனத்தின் வண்டிகள் அக்காலத்திலேயே சென்னை திருவொற்றியூரிலும் உருவாகத் தொடங்கியிருந்தன. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளில் மின்னணு ஏபிஎஸ் இடம்பெற 1988 வரை, பிஎம்டபிள்யூவின் கே100 வரை, உலகம் காத்திருந்தது. சாய்வையும் அறிந்து செயல்படும் பாஷ் நிறுவனத்தின் அமைப்பு 2013இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டதோ கேடிஎம் 1190 அட்வெஞ்சர் என்னும் சாகசப் பயண வண்டியில்தான். ஓசூரின் டிவிஎஸ் 2011இல் அப்பாச்சியில் ஏபிஎஸ்ஸை அளித்தது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையிலிருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் இந்தியச் சட்டம் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது.

சட்டம் கட்டாயமாக்கிய பின்னரும் ஓட்டுபவர்களில் ஒரு சாராரிடம் மறுப்பு மறையவில்லை. கை பழகியவருக்கு இக்கருவி வேண்டியதில்லை, தன் விரலாலேயே பிரேக்கை அளந்து பிடிப்பதே கலை, கருவியின் துணையோடு நிற்பவர் உண்மையில் ஓட்டக் கற்காதவர் என்பது அவர்கள் கூற்று. இதனை வெறும் வீம்பென்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஏனெனில் இதற்குப் பின்னால் மதிப்புக்குரிய ஓர் அறக்கொள்கை நிற்கிறது. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமையாகக் கொள்கிறது. ஆமை தன் உறுப்புகளைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. அதன் கால்களை வேறொருவர் பிடித்து ஓட்டுக்குள் தள்ளுவதில்லை. பிறர் தடுத்தமையால் தீங்கு செய்யாதிருந்தவரை அடக்கமுடையவர் என்று எந்த அறநூலும் போற்றாது. ஆகவே கருவி தடுத்தமையால் விழாதிருந்தவருக்கு அதில் என்ன பெருமை என்னும் கேள்வி செவிசாய்க்கத் தக்கதே.

ஆயினும் இக்கேள்வி இருவேறு பொருள்களை ஒன்றாகக் குழப்புகிறது. அறநூல்கள் அடக்கச் சொல்வது ஆசையையும் சினத்தையும் நாவையும்; ஏபிஎஸ் அடக்குவது எண்ணெய் அழுத்தத்தை. எதிரே மாடோ குழந்தையோ திடீரென்று குறுக்கிடும்போது விரல் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது அச்சத்தால் உடலில் நிகழும் அனிச்சைச் செயல். அதில் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் என்பது இல்லை. நான்கு சக்கர வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கிச் செல்லும், ஆனால் நிமிர்ந்தே இருக்கும். இரு சக்கர வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் நிமிர்ந்து நிற்பதற்கான பக்கவாட்டுப் பிடிமானமே போய்விடுவதால், பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வண்டி தரையில் கிடக்கும். பல்லாண்டு பழகிய பந்தய வீரரின் விரல்கூட மழைநீரும் எண்ணெய்க் கறையும் கலந்த தரையின் பிடிமானத்தை முன்கூட்டியே அறியாது. அறியவியலாத ஒன்றில் தவறுவதை ஒழுக்கக்கேடு என்று கூறவியலாதது போலவே, அத்தவற்றிலிருந்து காக்கப்படுவதை இழிவென்றும் கூறவியலாது. உதவியை ஏற்க மறுக்கும் மனத்தைச் சமயங்கள் எப்பெயரிட்டு அழைக்கும் என்று பார்த்தால், அது அடக்கத்தைவிட அகங்காரத்துக்கே நெருக்கமானதென்று தெரியவரும்.

உதவி வருவதற்கு மனிதர் என்ன செய்யவேண்டும் என்பதைத் தமிழ் வைணவம் ஆழமாக விவாதித்திருக்கிறது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிர் இறைவனைப் பற்றவேண்டும் என்பதை மர்க்கட நியாயம் என்பர். தாய் வாயால் கவ்வித் தூக்கிச்செல்லும் பூனைக்குட்டியைப் போல உயிர் வாளாவிருக்க இறைவனே காப்பான் என்பதை மார்ஜார நியாயம் என்பர். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் முன்னதற்கும், பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் பின்னதற்கும் உரியவராகக் கூறப்படுவர். தேசிகரின் நெறியில் வியாஜம் என்றொரு கருத்து உண்டு: அருளுக்கு விலையாகும் அளவு பெரியதன்று, ஆனால் அருள் இறங்குவதற்கு ஒரு வாயிலாக அமையும் உயிரின் சிறு செயல் அது. ஏபிஎஸ் இவ்வகையில் முற்றிலும் குரங்குக் குட்டியின் நெறியைச் சார்ந்தது. ஓட்டுபவர் பிரேக்கைப் பிடிக்காதவரை அது எதுவும் செய்வதில்லை. அவர் பிடித்த பிடியைத் தாங்கிச் சீர்செய்வதோடு அதன் வேலை முடிகிறது. ஓட்டுபவர் உறங்கினாலும் எதிரிலுள்ள தடையைத் தானே கண்டு தானே நிறுத்தும் கார்களின் தானியங்கி அவசர பிரேக்கைத்தான் பூனையின் நெறிக்கு ஒப்பிடவேண்டும். எனவே ஏபிஎஸ் ஓட்டுபவரின் செயலைப் பறித்துக்கொள்கிறது என்னும் குற்றச்சாட்டு பொருந்தாது. செயல் அவருடையதாகவே தொடங்கி, அவர் எண்ணிய முடிவையே அடைகிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் சற்று வேறுபட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்: ஓட்டுபவர் கேட்ட ஆற்றலை அது தர மறுக்கிறது, ஆகவே அது அவரது விருப்பத்தையே ஓரளவு எதிர்க்கிறது; ஆயினும் அவர் வேண்டியது முன்னேறிச் செல்வதேயன்றிச் சக்கரம் வீணே சுழல்வதன்று என்பதால், மேலோட்டமான கட்டளையை மறுத்து அடிப்படை நோக்கத்தைக் காக்கிறது எனலாம்.

காஞ்சன்பாக்கை ஒட்டிய பார்க்கஸ் பகுதியில், நிஜாமின் படையில் பணிபுரிய வந்த ஹத்ரமௌத் அரபியரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களது மரபில் தவக்குல் எனப்படும் இறைச்சார்புக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நபிமொழி ஒன்று திர்மிதியின் தொகுப்பில் உள்ளது: ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பவா, கட்டிவிட்டு நம்பவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபிகள் அறிவுறுத்தினார் என்பது அதன் செய்தி. தசராவன்று வண்டிக்குக் குங்குமமிட்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுப் புறப்படுபவருக்கும் இது அப்படியே பொருந்தும். பாதுகாப்புக் கருவியைப் பயன்படுத்துவது இறைநம்பிக்கையின் குறைவு என்றோ, இறைவழிபாடு கருவிக்கு மாற்று என்றோ எண்ணுபவர் இரண்டையும் தவறாக அறிந்தவரே.

இனி, சாகசப் பயண வண்டியை ஏனையவற்றிலிருந்து பிரிக்கும், இக்காப்புகளை அணைத்துவைக்கும் பொத்தானுக்கு வரலாம். சரளை பரந்த பாதையில் பூட்டிக்கொண்ட சக்கரம் தன்முன் கற்களையும் மண்ணையும் குவித்து, அக்குவியலின்மேல் மோதி நிற்கிறது. அங்கே ஏபிஎஸ் இடைவிடாது அழுத்தத்தைத் தளர்த்துவதால் நிற்கும் தொலைவு நீள்கிறது. செங்குத்தான மண் இறக்கத்தில் பிரேக்கே இல்லாதது போன்ற நிலைகூட நேரும். தேர்ந்த ஓட்டுநர்கள் மண்பாதையில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு வண்டியைத் திருப்புவதும் உண்டு. ஆழ்ந்த மணலிலோ பின்சக்கரம் சுழன்றே தீரவேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் அங்கே ஆற்றலைத் துண்டித்தால் வண்டி புதைந்து நின்றுவிடும். இக்காரணங்களால் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் 2020ஆம் ஆண்டு மாதிரியில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி தரப்பட்டது. கேடிஎம் 390 அட்வெஞ்சரில் பின்சக்கரத்தை விடுவித்து முன்சக்கரத்தை மட்டும் காக்கும் ஆஃப்ரோடு நிலையும், டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கும் வசதியும் அமைந்தன. எந்நிலையிலும் முன்சக்கரக் காப்பைக் கைவிடத் தயங்கும் இவ்வடிவமைப்பில் ஒரு தேர்ந்த நிதானம் தெரிகிறது.

பொது விதியைச் சிறப்பு விதி தனக்குரிய இடத்தில் மட்டும் விலக்கும், அவ்விடம் நீங்கியதும் பொது விதியே மீளும் என்று மீமாம்சையாரும் இலக்கணிகளும் வகுத்த நெறி இங்கே வழிகாட்டுகிறது. பாதுகாப்பு என்பது பொது விதி. சரளையும் மணலும் சிறப்பு விதிக்குரிய இடங்கள். வண்டியின் சாவியை அணைத்து மீண்டும் போட்டால் ஏபிஎஸ் தானாகவே முழு நிலைக்குத் திரும்புமாறு பல வண்டிகள் அமைக்கப்பட்டிருப்பதைச் சிலர் தொல்லையாகக் கருதுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் தம் தேர்வைப் புதிதாகச் செய்யவேண்டும் என்பதே அதன் உட்பொருள். நேற்றைய மண்பாதைக்குச் செய்த தேர்வு இன்றைய தார்ச்சாலையில் மறதியால் தொடர்வதை அது தடுக்கிறது. விலக்கைக் கையாள்பவருக்கு விவேகம் வேண்டும், அதாவது இடத்தையும் தன் திறனையும் பிரித்தறியும் அறிவு வேண்டும். அவ்வறிவு கருவியால் தரப்படுவதன்று. இங்குதான் ஓட்டுபவரின் அறவாழ்வு உண்மையில் தொடங்குகிறது.

இவ்வளவும் கூறியபின், இக்கருவிகளின் மேல் வைக்கத்தக்க வலிமையான மறுப்பொன்று எஞ்சுகிறது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏபிஎஸ் பொருத்திய டாக்சிகளையும் பொருத்தாதவற்றையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், ஏபிஎஸ் உடைய டாக்சிகளின் விபத்துகள் குறையவில்லை. ஓட்டுநர்கள் அக்காப்பை நம்பி மேலும் துணிந்து ஓட்டினர் என்று அறியப்பட்டது. காப்பு கூடக்கூட மனிதர் ஆபத்தையும் கூட்டிக்கொள்வர் என்னும் இக்கோட்பாடு, சமயங்கள் நெடுங்காலமாக அறிந்த ஓர் உண்மையைப் புள்ளிவிவரத்தால் உரைக்கிறது. கட உபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும், ஆன்மாவைத் தேரின் தலைவனாகவும் உருவகிக்கிறது. அவ்வுருவகத்தில் ஏபிஎஸ்ஸுக்கு இடம் தேடினால், அது தேரின் அச்சில் பொருத்திய நல்லதொரு பாகமாக மட்டுமே இருக்கும். சாரதி மயங்கினால் அச்சின் உறுதி தேரை இன்னும் விரைந்து பள்ளத்துக்குக் கொண்டுசெல்லக்கூடும். ஆயினும் மோட்டார் சைக்கிளின் நிலை டாக்சியின் நிலையிலிருந்து வேறுபடுகிறது என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரே மாதிரியான வண்டிகளை ஏபிஎஸ் உள்ளவை, இல்லாதவை என ஒப்பிட்டு, ஏபிஎஸ் உள்ளவற்றில் உயிரிழப்பு விபத்துகளின் வீதம் 22 விழுக்காடு குறைவென்று கண்டது. விழுந்தால் உடலே அடிபடும் என்னும் அறிவு இரு சக்கர ஓட்டுநரை விட்டு அகலாதது இதற்கு ஒரு காரணமாகலாம். மனிதர் காப்பை நம்பிக் கெடுவர் என்பதற்காகக் காப்பையே மறுப்பது, நோயாளி மருந்தை நம்பிப் பத்தியத்தைக் கைவிடுவார் என்பதற்காக மருந்தை மறுப்பதற்கு ஒப்பாகும். மருந்தும் வேண்டும், பத்தியமும் வேண்டும்; பத்தியம் என்பது இங்கே வேகத்தைக் குறிக்கும்.

தன் உயிரைத் தான் பணயம் வைக்கும் உரிமை தனக்குண்டு என்று சாகசப் பயணி வாதிடலாம். ஆளரவமற்ற மண்பாதையில் அவ்வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவர்களுள் பின்னிருக்கையில் அமர்ந்து, எந்தத் தேர்விலும் பங்கேற்காமல் மாண்டவர்களும் உண்டு. மிதானி சந்திப்பையும் ஓவைசி மருத்துவமனைச் சந்திப்பையும் இணைத்து 2021 டிசம்பரில் திறக்கப்பட்டு, அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்ட மேம்பாலத்தில் மழைநாளில் செல்லும் ஒருவருக்கு முன்னும் பின்னும் குடும்பத்தோடு செல்லும் ஸ்கூட்டர்களும் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிய ஆட்டோக்களும் இருக்கின்றன. அவர் விழுவது அவரோடு முடிவதில்லை. பிறர்க்கு இன்னா செய்யாமையை வள்ளுவர் துறவறவியலில் வைத்தாலும், சாலையில் அது ஒவ்வொரு குடும்பத்தவரின் அன்றாடக் கடமையாக நிற்கிறது. அங்கே கருவியை அணைத்துவைப்பது வீரமாகாது, தன் திறமையைப் பற்றிய தன் மதிப்பீட்டுக்குப் பிறர் உயிரை ஈடு வைப்பதாகவே ஆகும்.

எல்லா இரு சக்கர வண்டிகளுக்கும் ஏபிஎஸ்ஸை விரிவாக்கும் வரைவு விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025இல் வெளியிட்டபோது, விலை உயரும் என்னும் கவலை எழுந்தது. எளிய வருவாயுடையோர் வாங்கும் 100 சிசி வண்டிக்கு அக்கவலை நியாயமானதே. அதைத் தீர்க்கவேண்டிய கடமை அரசுக்கும் தொழிலுக்கும் உண்டு. ஆனால் சில லட்சங்கள் கொடுத்து அட்வெஞ்சர் வண்டி வாங்கியவரிடம் அக்கருவி ஏற்கெனவே இருக்கிறது. அவரிடம் கேட்கப்படுவது பணமன்று, சிறிது கவனமே. மண்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, மீட்டரில் ஏபிஎஸ் விளக்கைப் பார்த்து, இரண்டு சக்கரங்களுக்கும் காப்பு திரும்பிவிட்டதென்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அவர் புறப்படவேண்டும்.